கிளீனர் சீட்டிலிருந்து ஸ்டியரிங்குக்கு

வாசகர் கேள்வி: அய்யா, எனக்கு 21 வயது. ஊர் சங்ககிரி பக்கம். பத்தாவது முடித்துவிட்டு மூன்று வருடமாக லாரியில் கிளீனராகப் போகிறேன். கார் லைசென்ஸ் எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. ராத்திரியில் ரோடு காலியாக இருந்தால் டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கைக் கொடுப்பார். பன்னிரண்டு சக்கர வண்டிகூட ஓட்டியிருக்கிறேன். இப்போது டிரைவர் கிடைக்காததால், "நீயே எடு, போலீஸ் பிடித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் ஓனர். வேறு மாநிலத்தில் பதினைந்து நாளில் ஹெவி லைசென்ஸ் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். எனக்கு கேஸ் டேங்கர் ஓட்ட ஆசை. அம்மா கவர்மென்ட் பஸ்ஸுக்குப் போகச் சொல்கிறார். நான் என்ன செய்வது?

பதில்:

தம்பி, ஓனர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். சாவியை நீட்டினால் வாங்காதீர்கள். உங்களுக்கு ஓட்டத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. மூன்று வருடம் வண்டியிலேயே தூங்கி எழுந்தவருக்கு கிளட்சும் கியரும் தெரியாமலா போகும்? நானும் அப்படி வந்தவன்தான். கிளீனராக ஏறி, டிரைவராகி, இப்போது கனரக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்கள் கை துறுதுறுப்பது எனக்குப் புரிகிறது.

ஆனால் கார் லைசென்ஸை வைத்துக்கொண்டு பன்னிரண்டு சக்கர வண்டியை எடுத்தால், சட்டத்தின் கணக்கில் நீங்கள் லைசென்ஸே இல்லாதவர். பிடிபட்டால் 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டியைக் கொடுத்ததற்காக ஓனர் மீதும் தனியாக அதே அளவு வரும். அபராதத்தை ஓனர்கள் ட்ரிப் செலவோடு சேர்த்து எழுதிவிடுவார்கள், அது பெரிய விஷயமில்லை. ஒரு விபத்து நடந்தால்தான் கதை மாறும். ஓட்டியவருக்கு உரிய லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தால், அடிபட்டவர் குடும்பத்துக்கு இழப்பீட்டை முதலில் கொடுத்துவிட்டு அதை ஓனரிடம் வசூல் செய்துகொள்ளும்படி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நீதிமன்றங்கள் எத்தனையோ வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. லாரியை விற்றாலும் அடைபடாத தொகையாக அது இருக்கலாம். அப்புறம் கிரிமினல் வழக்கு. அது ஓனர் மேல் போகாது, ஸ்டியரிங் பிடித்தவர் மேல்தான். கவனக்குறைவால் உயிர் போனால் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு.

ஓனரிடம் நியாயம் பேச வேண்டாம், பணக் கணக்கைப் பேசுங்கள். "அண்ணா, ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் உங்ககிட்டதான் வசூல் பண்ணுவான்" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அதற்கு மேலும் வற்புறுத்துகிறவரிடம் வேலை பார்ப்பது உங்களுக்கு நல்லதல்ல.

சரி, லைசென்ஸுக்கு வருவோம். லாரியோ பஸ்ஸோ ஓட்ட 20 வயது முடிந்திருக்க வேண்டும், உங்களுக்கு முடிந்துவிட்டது. எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது, அதை 2019-இல் எடுத்துவிட்டார்கள். உங்களுக்கு இடிப்பது ஒன்றுதான். கார் லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வருடம் முழுதாக முடிந்தால்தான் கனரக வண்டிக்கு எல்எல்ஆரே, அதாவது பழகுநர் லைசென்ஸே, போட முடியும். உங்களுக்கு இன்னும் ஏழு மாதம் பாக்கி. எல்எல்ஆர் வந்த பிறகும் குறைந்தது முப்பது நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போகலாம்.

இப்போது அந்த ஏஜென்ட்டின் பதினைந்து நாளைப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் இந்தியா முழுக்க ஒன்றுதான். இங்கே இல்லாத குறுக்கு வழி பக்கத்து மாநிலத்தில் மட்டும் எப்படி வரும்? ஒரு வருடக் கணக்கையும் முப்பது நாள் கணக்கையும் தாண்டி ஒருவர் அட்டையை நீட்டினால், அட்டை போலியாக இருக்கும், அல்லது அட்டை அசலாகவும் உள்ளே எழுதியிருப்பது பொய்யாகவும் இருக்கும். முன்பெல்லாம் இப்படி வாங்கி வந்து ஓட்டிக் காலம் தள்ளியவர்களை எனக்குத் தெரியும். இப்போது எல்லாம் சாரதி என்ற அரசின் லைசென்ஸ் கணினிப் பதிவில் ஏறிக் கிடக்கிறது. சோதனையில் நிறுத்துகிற அதிகாரி மொபைலிலேயே தட்டிப் பார்க்கிறார். விபத்து வழக்கு வந்தால் இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் தோண்டுவதும் லைசென்ஸைத்தான். அந்த ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் பணத்தை ஒரு நல்ல பயிற்சிப் பள்ளியில் கட்டுங்கள்.

ஏழு மாதம் சும்மா உட்காரவும் வேண்டாம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. சரக்கோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டி என்றால், கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் அதை வாடகைச் சரக்கு வண்டியாகவும் ஓட்டலாம், தனியாக ஒரு முத்திரை தேவையில்லை. அதாவது குட்டி யானை, தோஸ்த், பொலேரோ பிக்கப் எல்லாம் இன்றைக்கே நீங்கள் சட்டப்படி எடுக்கலாம். ஆர்சி புத்தகத்தில் மொத்த எடை எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கேஸ், ஆசிட் மாதிரி அபாயச் சரக்குக்கு இது பொருந்தாது.

கிளீனராக இருந்தவன் குட்டி யானையா ஓட்டுவது என்று கௌரவம் பார்க்காதீர்கள். ஈரோடு, சேலம் கடைத்தெருவில் ஆறு மாதம் சரக்கு இறக்கி ஏற்றியவனுக்குக் கண்ணாடி பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும். பின்னால் எடுப்பது, சந்தில் திருப்புவது, எந்த நொடியிலும் குறுக்கே வந்துவிடும் பைக்கை எதிர்பார்ப்பது எல்லாம் அங்கேதான் படியும். ராத்திரி இரண்டு மணிக்குக் காலி ரோட்டில் நேராக ஓட்டியதில் இதில் எதையும் நீங்கள் கற்றிருக்க முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அண்ணன் உங்களுக்குக் கொடுத்தது ரோட்டின் சுலபமான பகுதி.

பயிற்சிப் பள்ளி கட்டாயம். போக்குவரத்து வாகன லைசென்ஸுக்கு அங்கீகாரம் பெற்ற பள்ளியின் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பம் நகராது. விதிப்படி பயிற்சி முப்பது நாளுக்குக் குறையக்கூடாது, அதில் குறைந்தது 15 மணி நேரம் நீங்களே வண்டி ஓட்டியிருக்க வேண்டும். இது காகிதத்தில் இருப்பது. நடப்பில், முன்பணம் வாங்கிக்கொண்டு "டெஸ்ட் அன்னைக்கு வந்தால் போதும்" என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. உங்களைப் போல ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அது வசதியாகத் தெரியும். ஏமாந்துவிடாதீர்கள். சேரும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். பயிற்சி வண்டி ஏர் பிரேக் வண்டியா? ஒரு நாளாவது லோடு ஏற்றி ஓட்டவிடுவார்களா? ஒரு வண்டியில் ஒரே நேரத்தில் எத்தனை பேர்? பத்துப் பேர் ஏறி ஆளுக்கு ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு இறங்குவதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது.

அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் கனரக ஓட்டுநர் பயிற்சி தருகிறது. உங்களுக்குப் பக்கத்திலேயே நாமக்கல்லில் அசோக் லேலண்ட் பயிற்சி நிலையம் இருக்கிறது. இரண்டையும் நேரில் போய் விசாரியுங்கள். இவை தவிர 2021-இல் வந்த விதிகளின்படி தனி அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களும் உண்டு. அவற்றில் கனரக வண்டிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரப் பாடம். அங்கே தேறிச் சான்றிதழ் வாங்கினால் ஆர்டிஓ ஆபீஸில் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டியதில்லை. மற்ற பள்ளிகளில் படித்தவர்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்டித்தான் ஆக வேண்டும். அதற்குப் பயப்படாதீர்கள். தவறினால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம்.

இனி எந்தச் சான்றிதழிலும் எழுதியிருக்காத பாடம் ஒன்று. தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் கணவாயில் நீங்கள் எத்தனையோ முறை இறங்கியிருப்பீர்கள். அங்கே அண்ணன் எந்த கியரில் இறக்குவார் என்று கவனித்திருக்கிறீர்களா? டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர் பலர். நான் கிளீனராக இருந்தபோது என் டிரைவரும் அப்படித்தான். கெட்டிக்காரர், இருபது வருட அனுபவம். ஒருநாள் நெல் மூட்டை லோடு. மேலேயே நியூட்ரலில் தட்டிவிட்டார். பாதி இறக்கத்தில் பிரேக் லைனிங் கருகும் நாற்றம் எனக்கு வந்துவிட்டது. அவர் பிரேக்கை மிதிக்கிறார், வண்டி கேட்கவில்லை. கியரைப் போடப் பார்க்கிறார், அந்த வேகத்தில் கியர் விழவில்லை, கரகரவென்று அரைக்கிறது. கடைசியில் இடப்பக்கம் மலையை ஒட்டி உரசி, ஒரு பாறையில் சாய்த்து நிறுத்தினார். முன்னால் வேறு வண்டி இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம். என் இடது முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

என்ன நடந்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பிற்பாடுதான் புரிந்தது. கியரில் இருக்கும்போது இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடுகிறது, மொத்த எடையும் பிரேக் மேல் விழுகிறது. திரும்பத் திரும்ப மிதிக்க மிதிக்க டிரம் சூடாகி விரியும், லைனிங் பிடிப்பை இழக்கும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு மிதிக்கும் டேங்கிலிருந்து காற்று செலவாகிறது. காற்றை நிரப்பும் கம்ப்ரஸர் இன்ஜினோடு சுற்றுவது. நியூட்ரலில் இன்ஜின் மெதுவாக ஓடினால் காற்றும் மெதுவாகத்தான் ஏறும். இன்ஜினை அணைத்துவிட்டால் சுத்தமாக ஏறாது, பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். ஆக, டீசல் மிச்சம் என்று செய்த ஒரு காரியம் வண்டியை நிறுத்தும் வழிகளை ஒவ்வொன்றாக மூடிவிடுகிறது.

ஏறும் கியரிலேயே இறங்கு என்பார்கள் பெரியவர்கள். அதையே பிடித்துக்கொள்ளுங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், நடுவில் குறைக்க நினைத்தால் காலம் கடந்திருக்கும். இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். கால் பிரேக்கை ஒரேயடியாக அழுத்திக்கொண்டே இருக்காமல், வேகம் ஏறும்போது நன்றாக மிதித்துக் குறைத்து, விட்டுவிடுங்கள். ஏர் மீட்டரில் ஒரு கண் இருக்கட்டும். வண்டி எடுக்கும் முன் ஏர் முழுதாக ஏறும்வரை காத்திருப்பதும் டேங்கில் சேர்ந்த தண்ணீரைத் திறந்து விடுவதும் கிளீனரான உங்களுக்கே தெரிந்த வேலைதான். டிரைவரானதும் அதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

டேங்கர் ஆசை பற்றி. தென்னிந்தியாவின் கேஸ் டேங்கர் தொழிலுக்கு நாமக்கல்தான் தலைநகர் மாதிரி, அதனால் உங்கள் ஆசை எனக்கு ஆச்சரியமில்லை. அதற்குக் கனரக லைசென்ஸ் மட்டும் போதாது. அபாயச் சரக்குக்கான மூன்று நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கி, லைசென்ஸில் பதிவு செய்ய வேண்டும். தமிழோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. டேங்கர் கவிழ்ந்தால் என்ன சரக்கு, என்ன செய்ய வேண்டும் என்பதை வண்டியில் இருக்கும் விவர அட்டையில் படித்து, உதவிக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள். சாதாரணக் கனரக லைசென்ஸ் ஐந்து வருடம் செல்லும், அபாயச் சரக்குப் பதிவு மூன்று வருடம்தான். லைசென்ஸ் வாங்கிய மறுநாளே டேங்கரில் ஏறுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உள்ளே திரவம் ஆடும். வளைவில் வண்டி திரும்பிய பிறகும் சரக்கு இன்னும் நேராகவே போகப் பார்க்கும். மூட்டை லோடில் இரண்டு வருடமாவது ஓட்டிவிட்டு அங்கே போங்கள்.

அம்மா சொல்லும் அரசு பஸ்ஸுக்கு இப்போதைக்கு வயதே போதாது, குறைந்தது 24 ஆக வேண்டும். 2025 மார்ச்சில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 3,274 ஓட்டுநருடன் கூடிய நடத்துநர் பணியிடங்களுக்கு ஆள் கேட்டன. கேட்ட தகுதிகள்: பத்தாம் வகுப்பு, கனரக லைசென்ஸ், கனரக வண்டி ஓட்டிய 18 மாத அனுபவம், பொதுப் பணி பேட்ஜ் (பயணிகள் வண்டி ஓட்டுவதற்கான வில்லை), கண்டக்டர் லைசென்ஸ், முதலுதவிச் சான்று. உயரம் 160 சென்டிமீட்டர், எடை 50 கிலோவுக்குக் குறையக்கூடாது. அடுத்த அறிவிப்பும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரி ஓட்டுவதற்கும் பஸ் ஓட்டுவதற்கும் லைசென்ஸ் வேறு வேறா என்று பலர் கேட்கிறார்கள். 1994-க்குப் பிறகு சட்டத்தில் இரண்டும் போக்குவரத்து வாகனம் என்ற ஒரே வகைக்குள் வந்துவிட்டன. பஸ்ஸுக்கு மேற்கொண்டு பேட்ஜ் வேண்டும், அவ்வளவுதான். ஆம்னி பஸ்ஸுக்கும் பேட்ஜ் உண்டு.

அம்மா பக்கம் நியாயம் இருக்கிறது. மாதச் சம்பளம், பி.எஃப்., வாரத்தில் சில ராத்திரியாவது வீட்டில் தூக்கம். லாரியில் பேட்டா கூடுதலாக வரும், ஆனால் தூக்கத்தை விற்றுத்தான் அதைச் சம்பாதிக்கிறோம். நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்குப் பின் அரை மணி ஓய்வு என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். எந்த லாரி ஷெட்டில் அதைப் பார்த்தோம்? உங்கள் தலைமுறையாவது கேட்க வேண்டும். குறைந்தபட்சம், அதிகாலை மூன்று மணிக்குக் கண் சொருகினால் டீயைக் குடித்துச் சமாளிக்காமல், டோல்கேட் தாண்டி இருக்கும் லாரி நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் படுத்துவிடுங்கள். சரக்கு தாமதமானதற்கு ஓனர் கத்துவார். கத்தட்டும்.

ஆனாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்போதே ஒன்றைத் தேர்ந்தெடுக்கமாட்டேன். 22 வயதில் கனரக லைசென்ஸ், அப்புறம் இரண்டு வருடம் லாரி, அதற்குள் பேட்ஜும் கண்டக்டர் லைசென்ஸும் முதலுதவிச் சான்றும் எடுத்துவிட்டால், 24 வயதில் பஸ், டேங்கர் இரண்டின் கதவும் உங்களுக்குத் திறந்திருக்கும். லாரி ஓட்டும் அந்தக் காலத்துக்கு ஓனரிடம் அனுபவச் சான்றிதழ் கேட்டு வாங்கி வையுங்கள். வேலையை விட்ட பிறகு கேட்டால் தரமாட்டார்கள்.

உடனே செய்ய வேண்டியது கண் பரிசோதனை. கனரக லைசென்ஸுக்கு மருத்துவச் சான்று வேண்டும், புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வேண்டும். அதில் நிறம் பிரித்துப் பார்ப்பது உட்படக் கேள்விகள் உண்டு. என்னிடம் வந்த ஒரு பையன் பள்ளிக்குப் பணம் கட்டி, முப்பது நாள் ஓட்டிப் பழகிய பிறகுதான் நிறம் பிரிக்கத் தெரியாதது வெளியே வந்தது. இருபது வயது ஆள், லாரிக்கென்றே வளர்ந்தவன். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. நல்ல கண் டாக்டரிடம் இந்த வாரமே போய்ப் பாருங்கள். பார்வை குறைவு என்றால் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், கார் லைசென்ஸ் அட்டையை எடுத்து அதில் அச்சாகியிருக்கும் வழங்கிய தேதியைப் பாருங்கள். ஒரு வருடக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான், எல்எல்ஆர் போட்ட நாளிலிருந்து இல்லை. இதைத் தப்பாக எண்ணிவிட்டு ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் திரும்பி வருகிறவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.